கைமாறி வந்த கிதார்

புதிய பொருளுக்கு மதிப்பு மிகுதி என்பது உலக வழக்கு. பாத்திரமாயினும் ஆடையாயினும் வண்டியாயினும், பிறர் கை படாதது என்பதையே அதன் முதற் சிறப்பாகக் கொள்கிறோம். ஆயினும், இப்பொது விதிக்கு அடங்காத பொருள்கள் சிலவும் உண்டு. தஞ்சையில் வீணை செய்யும் தச்சர், பலா மரத்தைத் தேடும்போது இளமரத்தை விட்டு முதுமரத்தையே நாடுவார். முற்றி உலர்ந்த மரம் வளையாது, வெடிக்காது, நாதமும் நன்றாகத் தரும் என்பது அவர் கண்ட உண்மை. அத்தகைய மரத்தால் ஆகிய ஒரு மேல்நாட்டுக் கருவியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பிறர் கையில் பல ஆண்டு பழகி, பின் நம் கைக்கு வந்து சேரும் கிதாரே அது. மின்சாரத்தின் துணையின்றித் தன் மர உடலினாலேயே ஒலிக்கும் கிதாரைத்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

கிதார்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அவற்றுள் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஒட்டுப்பலகையால் ஆனது. மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டு அழுத்தி அப்பலகையைச் செய்கிறார்கள். அது மலிவானது; எளிதில் பிளவுபடாது; மழைக்கும் வெயிலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். மற்றொன்று, மரத்தை அறுத்தெடுத்த ஒரே பலகையை இழைத்து மெல்லிதாக்கிச் செய்தது. இதனை முழுமரக் கிதார் என்று வைத்துக்கொள்வோம். இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. கருவியின் நடுவே உள்ள ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்குங்கள். மேற்பரப்பில் ஓடும் மர ரேகைகள் விளிம்பிலும் இடைவிடாது கீழே இறங்கினால் அது முழுமரம். விளிம்பில் அப்பம்போல் அடுக்கடுக்காகத் தோன்றினால் அது ஒட்டுப்பலகை.

முழுமரத்திற்கு என்ன சிறப்பு என்று கேட்கலாம். கிதாரின் முகப்பாக அமையும் ஒலிப்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். குளிர் நாடுகளில் மெதுவாக வளரும் மரம் அது. அதன் ரேகைகள் நெருக்கமாகவும் நேராகவும் ஓடும். ரேகையின் நீளவாக்கில் அது மிகவும் விறைப்பானது, குறுக்குவாக்கில் நெகிழ்வானது, எடையோ மிகக் குறைவு. இந்த மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்திருப்பதால், தந்தியில் எழும் சிறு அதிர்வும் பலகை முழுவதும் பரவிக் காற்றை அசைக்கிறது. ஒட்டுப்பலகையில் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் இந்த வேறுபாடு மழுங்கிவிடுகிறது. பலகை உறுதியாக இருக்கிறது; ஆனால் அவ்வளவு எளிதாக அசைவதில்லை.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். நல்ல கிதாரின் ஒலிப்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது. ஒரு ரூபாய் நாணயம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம் அது. அந்த மெல்லிய பலகையின்மேல் குதிரை என்னும் சிறு கட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. வீணையில் தந்திகளைத் தாங்கும் உறுப்புக்கு நாம் வழங்கும் பெயரையே இதற்கும் வழங்கலாம். ஆறு எஃகுத் தந்திகளும் அக்குதிரையைப் பற்றி இழுக்கின்றன. சுருதி கூட்டிய நிலையில் அவ்வாறு தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். அதாவது, வளர்ந்த மனிதன் ஒருவன் இரவும் பகலும் அப்பலகையைப் பற்றித் தொங்கிக்கொண்டே இருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பலகையைத் தடிப்பாகச் செய்துவிட்டால் என்ன? செய்யலாம். அப்போது கருவி உடையாது. ஆனால் பாடவும் பாடாது. இதுவே கிதாரின் இயல்பிலேயே அமைந்த முரண். எந்த மென்மை அதற்குக் குரல் தருகிறதோ, அதே மென்மைதான் அதனை மெல்ல மெல்ல வளைக்கவும் செய்கிறது. பாடும் தன்மையும் கெடும் தன்மையும் ஓரிடத்திலேயே பிறக்கின்றன. ஆகவே நல்ல கிதார் என்பது, உடைவதற்கும் உறைந்து போவதற்கும் இடையே உள்ள குறுகிய வரம்பின்மேல் நடக்கும் கருவி என்று சொன்னால் மிகையாகாது. அதனை அவ்வரம்பில் நிறுத்தி வைப்பதற்கு ஒருவருடைய கவனம் என்றும் வேண்டியிருக்கிறது.

இம்முரணைத் தச்சர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு ஒரு குடும்பத்தின் வரலாறே சான்றாகும். கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் என்பவர் 1796-இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், இசைக்கருவித் தொழிலுக்குப் பேர்போன மார்க்நொய்கிர்ஷன் என்னும் ஊரில் பிறந்தார். வியன்னா நகரில் ஸ்டவுஃபர் என்ற புகழ்பெற்ற கிதார்த் தச்சரிடம் தொழில் பயின்றார். ஊர் திரும்பிய அவருக்கு ஓர் இடையூறு காத்திருந்தது. அவ்வூரில் பிடில் செய்வோர் குழு ஒன்றும் மரச்சாமான் செய்வோர் குழு ஒன்றும் இருந்தன. மார்ட்டின் குடும்பத்தார் இரண்டாவது குழுவைச் சேர்ந்தவர்கள். கிதார் செய்யும் உரிமை எமக்கே உரியது, மேசை நாற்காலி செய்வோர்க்கு அவ்வுரிமை இல்லை என்று பிடில் தச்சர்கள் வழக்காடினர். அப்பூசல் நெடுநாள் நீடித்தது. 1833-இல் மார்ட்டின் கடல் கடந்து நியூயார்க் நகரை அடைந்து கடை வைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்னும் ஊரில் குடியேறினார். நாசரேத் என்றவுடன் நமது திருநெல்வேலிச் சீமையிலுள்ள நாசரேத்தை நினைத்துவிடக் கூடாது. இது அமெரிக்க நாசரேத். அவர் பெயர் தாங்கிய தொழிற்சாலை அவ்வூரில்தான் நிலைபெற்றது.

அக்காலத்துக் கிதார்களுக்கு ஆட்டுக்குடல் நரம்புகளே கட்டப்பட்டன. அவற்றின் இழுவிசை குறைவு. 1840-களிலேயே மார்ட்டினின் பட்டறையில் செய்த சில கருவிகளில், ஒலிப்பலகையின் அடியில் இரண்டு சட்டங்களைப் பெருக்கல் குறிபோல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட அமைத்திருந்தார்கள். 1920-களில் எஃகுத் தந்தி பொது வழக்காயிற்று. அப்போது அந்தப் பெருக்கல் குறி அமைப்பே அதன் சுமையைத் தாங்கத் தகுந்தது என்பது விளங்கிற்று. இன்று உலகெங்கும் எஃகுத் தந்திக் கிதார்கள் பெரும்பாலும் அவ்வமைப்பையே பின்பற்றுகின்றன.

கேட்போர் கவனத்திற்குரிய செய்தி இதற்குப் பின்னே வருகிறது. அச்சட்டங்களின் சில இடங்களைப் பள்ளமாகச் செதுக்கி எடை குறைப்பது மார்ட்டின் பட்டறையின் வழக்கம். அதனால் பலகை தாராளமாக அசைந்தது. இசைவாணர்களோ உரத்த ஒலி வேண்டித் தடித்த தந்திகளைக் கட்டலாயினர். பலகைகள் புடைத்தன, பழுதுபார்க்க வந்து குவிந்தன. ஆகவே 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலையார் பள்ளம் செதுக்கும் வழக்கத்தை நிறுத்தினர். கருவிகள் உறுதி பெற்றன. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, இசைவாணர்கள் அந்தப் பழைய, உறுதி குறைந்த கருவிகளையே தேடித் தேடி வாங்கத் தொடங்கினர். அவற்றின் குரலில் இருந்த ஆழம் புதியவற்றில் இல்லை என்றனர். முடிவில், 1976-இல் எச்டி-28 என்னும் வகையின் வாயிலாகப் பள்ளம் செதுக்கிய சட்டங்களைத் தொழிற்சாலையாரே மீண்டும் கொண்டுவந்தனர். உறுதியா குரலா என்னும் வழக்கில், பயன்படுத்துவோர் குரலின் பக்கமே தீர்ப்பு அளித்துவிட்டனர் என்பதை இது காட்டுகிறது அல்லவா?

அங்ஙனமாயின், பழைய கிதார் வாங்குபவர் எதனை வாங்குகிறார்? குரலையும் அதன் விலையாகிய தளர்ச்சியையும் சேர்த்தே வாங்குகிறார். பல்லாண்டுகள் 70 கிலோ விசை இழுத்ததன் தழும்புகள் அக்கருவியில் இருந்தே தீரும். அவற்றுள் எது இயற்கை, எது நோய் என்று பகுத்தறியும் கண்தான் வாங்குபவருக்கு வேண்டுவது.

முதலில் குதிரைக்குப் பின்புறம் ஒலிப்பலகையைப் பாருங்கள். அங்கே சற்றே புடைப்பு இருப்பது இயல்பு. புடைப்பே இல்லாத பழங்கருவி அரிது. ஆனால் குதிரையின் பின்விளிம்பு பலகையை விட்டு மேலெழுந்து, ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி காட்டினால் அது ஒட்டு விட்டுவிட்டதற்கு அடையாளம். அடுத்து, கழுத்தின் சாய்வு. வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அதுபோன்ற உலோகக் கோடுகள் கிதாரின் கழுத்திலும் பதிக்கப்பட்டுள்ளன. நேரான அடிக்கோல் ஒன்றை அம்மெட்டுகளின்மேல் கிடத்திக் குதிரையை நோக்கி நகர்த்துங்கள். கோலின் முனை குதிரையின் தலைப்பைத் தொட்டுக்கொண்டு செல்லுமானால் சாய்வு செம்மையாக இருக்கிறது. முனை குதிரையின் நடுவில் முட்டினால், கழுத்து முன்னோக்கி வளைந்துவிட்டது என்று பொருள். 12-ஆம் மெட்டின்மேல் தடித்த தந்தியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் விரல் எளிதில் அழுத்தும். அது நான்கைந்து மில்லிமீட்டருக்கு ஏறிவிட்டால் வாசிப்பு இன்பம் போய்த் தண்டனையாகிவிடும்.

கழுத்து வளைந்த கருவிக்கு மருந்து இல்லையா? உண்டு. இங்கேதான் பழைய தச்சர்களின் முன்னறிவை வியக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வஜ்ஜிரம் என்று நாம் சொல்லும் தோற்பசையால் கருவியை ஒட்டினார்கள். வஜ்ஜிரம் காய்ந்தபின் கல்போல் இறுகும். ஆயினும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே பட்டால் இளகிவிடும். ஆகவே, தேர்ந்த தச்சர் ஒருவர் மூட்டினுள் நீராவியைச் செலுத்திக் கழுத்தைத் தனியே கழற்றி, அடிப்பகுதியை மயிரிழை அளவு செதுக்கிச் சாய்வைத் திருத்தி, மீண்டும் பூட்டிவிட முடிகிறது. அதன்பின் அக்கருவி இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். இன்று வேறு பசைகள் வந்துவிட்ட போதிலும், பிரித்துச் செப்பனிடத்தக்க மூட்டு என்ற கொள்கையை நல்ல தச்சர்கள் கைவிடவில்லை. என்றேனும் ஒருநாள் பழுதுபார்க்க வேண்டிவரும் என்று எண்ணியே செய்யப்பட்ட பொருள் அது. பழுதானால் வீசி எறி என்று சொல்லிச் செய்யப்படும் பொருள்கள் மலிந்த காலத்தில், இதன் அருமை தெளிவாகத் தெரிகிறது.

வெடிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ரேகையின் போக்கிலே உண்டான வெடிப்பை ஒட்டி, உட்புறம் சிறு மரத்துண்டுகளை வைத்து அணைகட்டிவிட்டால் பெரும்பாலும் குரலுக்குக் கேடில்லை. சிறு விளக்கையும் ஒரு கைக்கண்ணாடியையும் ஒலித்துளையின் வழியே செலுத்தி உள்ளே பாருங்கள். சட்டங்கள் பலகையோடு ஒட்டியிருக்கின்றனவா, முன்னே யாரேனும் பழுதுபார்த்திருக்கிறார்களா, அந்த வேலை சுத்தமாக இருக்கிறதா என்பனவெல்லாம் தெரியும். விரலின் கணுவால் பலகையை மெல்லத் தட்டினாலும் பிரிந்த சட்டம் ஒன்று கறகறவென்று ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தடித்த புதுமெருகு பூசிய கருவியைக் கண்டால் சிந்தித்து வாங்குங்கள். பளபளப்புக்காக அதன் நாவைக் கட்டிப்போட்டிருக்கக் கூடும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். மார்ட்டின் தொழிற்சாலையார் 1933 முதல் 1942 வரை டி-45 என்னும் உயர்வகைக் கிதார்களில் 91 மட்டுமே செய்தனர். அவற்றை இன்று செல்வர்களும் காட்சிச்சாலைகளுமே வாங்க இயலும். நாம் பேசுவது அவற்றைப் பற்றியன்று. பத்து இருபது ஆண்டுகள் ஒருவர் கையில் இருந்து, மேற்பூச்சில் சில கீறல்களுடன் வரும் கருவியையே நாம் கருதுகிறோம். அதே வகையின் புதிய கருவியைவிட அது பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். புதிய ஒட்டுப்பலகைக் கருவிக்கு நாம் ஒதுக்கிய தொகையோடு சிறிது சேர்த்தால் போதும், பழைய முழுமரக் கருவி ஒன்று வாய்க்கக் கூடும். கீறலைக் கண்டு விலையைக் குறைக்கிறது உலகம். காதோ கீறலைக் கேட்பதில்லை.

என்னிடம் உள்ள கிதாரும் அவ்வாறு வந்ததே. அதனை முதலில் வைத்திருந்தவர் யார் என்பதை நான் அறியேன். ஆயினும் அவரைப் பற்றிச் சில செய்திகளைக் கருவியே சொல்கிறது. முதல் மூன்று மெட்டுகள் மட்டும் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கின்றன. மேலே உள்ள மெட்டுகள் புத்தம் புதியனபோல் இருக்கின்றன. ஆகவே அவர் தனி வித்தை காட்டியவர் அல்லர். பாட்டுக்குத் துணையாகச் சுரக்கூட்டுகளை மீட்டியவர். கழுத்தின் பின்புறம் இடக்கைப் பெருவிரல் பதியும் இடத்தில் மெருகு மங்கி, மரம் பட்டுப்போல் வழவழப்பாகியிருக்கிறது. என் விரலும் அந்த இடத்திலேயே சென்று அமர்கிறது. முன்பின் அறியாத ஒருவர் வெட்டிவைத்த ஒற்றையடிப் பாதையில் நடப்பது போன்ற உணர்ச்சி அது.

தொடக்கத்தில் வாசிப்பு எளிதன்று. எஃகுத் தந்தி விரல் நுனியை அறுக்கும். சில வாரங்களில் தோல் காய்த்துப் போகும். அதன் பின்னரே கருவியின் மறைபொருள் ஒவ்வொன்றாக வெளிப்படும். மணிக்கட்டின் வலியைவிடச் சிறு அசைவே மிகுந்த ஒலியை எழுப்புகிறது என்பது தெரியவரும். கருவியை மார்போடு அணைத்திருக்கும்போது, தாழ்ந்த தந்தியின் ஒலியைக் காது கேட்பதற்கு முன்பே விலா எலும்பு உணர்ந்துகொள்ளும். ஒரு தந்தியை மீட்டினால், தொடாத மற்றொரு தந்தியும் உடன் அதிர்ந்து மெல்லிய எதிரொலி தரும். பழைய முழுமரக் கிதாரில் இவ்வுடனொலி நீண்டு நின்று அடங்கும். அவ்வடங்கலைக் கேட்பதற்காகவே வேகத்தைக் குறைத்து வாசிக்கக் கற்றுக்கொள்கிறோம்.

பழகப் பழகக் கருவியின் நாதம் வளரும் என்பது வாசிப்போரிடையே பெருவழக்கான நம்பிக்கை. இதனை அறிவியலார் சோதித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஒரே தச்சர் ஒத்த மரத்தால் செய்த இரண்டு பிடில்களுள் ஒன்றைக் காட்சிச்சாலையில் வைத்துப் பாதுகாத்தனர். மற்றொன்றை இசைவாணர் ஒருவர் மூன்றாண்டுக் காலம் வாசித்துவந்தார். பின்னர் ஒப்பிட்டபோது, இரண்டிற்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2005-இல் வெளியிட்டனர். கிதார்களை இயந்திரத்தால் அதிரவைத்துச் செய்த வேறோர் ஆய்வும், 2014-இல் அத்தகைய முடிவையே கூறிற்று. ஆனால் காலத்தின் வினை வேறு. மரத்தின் உட்பொருள்களுள் ஒன்றான அரைச்செல்லுலோசு பல்லாண்டுகளில் மெல்லச் சிதைவதால், மரம் ஈரத்தை ஏற்பது குறைகிறது. முதுமரத்தின் மீது தச்சருக்கு உள்ள பற்று வெறுங்கற்பனை அன்று.

வாசிப்போரின் நம்பிக்கை பிழையோ என்றால், முற்றிலும் பிழை என்று சொல்ல மாட்டேன். மூன்றாண்டு வாசித்ததில் பிடில் மாறாதிருக்கலாம். வாசித்த கை மாறியிருக்கும். எந்த இடத்தில் மீட்டினால் கருவி இனிமையாகப் பேசும், எவ்வளவு அழுத்தினால் அது திணறும் என்பதைக் கை தன்னையறியாமலே கற்றுக்கொள்கிறது. கருவி வளர்ந்தது என்று நாம் எண்ணுவதில் பெரும்பங்கு, அதனை நாம் புரிந்துகொண்ட வளர்ச்சியே ஆகும். அது கருவியின் மாற்றத்தைவிடக் குறைந்த பேறன்று.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-இல் மார்ட்டின் என்-20 என்னும் கிதார் ஒன்றை 750 டாலருக்கு வாங்கினார். அது நைலான் தந்திக் கருவி. விரலால் வாசிப்பதற்கென்று செய்யப்பட்டதாகையால் முகப்பில் காப்புத்தகடு கிடையாது. அவரோ மீட்டுகோலால் வாசித்தார். காலப்போக்கில் ஒலித்துளைக்கு அருகே மரம் தேய்ந்து, இன்னொரு துளையே விழுந்துவிட்டது. நண்பர்களும் இசைவாணர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் அதன் முகப்பில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தேர்ந்த தச்சர் ஒருவர் அவ்வப்போது உட்சட்டங்களைச் சோதித்துச் செப்பனிட்டு வந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதனை அவர் மாற்றவில்லை. 'டிரிக்கர்' என்று அதற்குப் பெயரும் உண்டு. திரைப்பட வீரர் ஒருவருடைய குதிரையின் பெயர் அது.

இதற்கு எதிரான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1870-களில் செய்யப்பட்ட மார்ட்டின் கிதார் ஒன்றை அத்தொழிற்சாலையின் காட்சிச்சாலையார் ஒரு திரைப்படத்திற்கு இரவலாகக் கொடுத்தனர். 2015-இல் வெளிவந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' என்பது அப்படம். கதையில் கிதார் உடைக்கப்படும் காட்சி வருகிறது. அதற்கு முன் கருவியை மாற்றி நகல் ஒன்றைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். மாற்றவில்லை, நடிகருக்கும் அது தெரியாது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் நின்ற கருவி நொடிப்பொழுதில் தூளாயிற்று. நாள்தோறும் வாசித்துத் துளை விழுந்த கருவி வாழ்கிறது. பூட்டிப் பாதுகாத்த கருவி, அதன் பொறுப்பை ஏற்ற ஒருவர் அருகில் இல்லாத ஒரு கணத்தில் அழிந்தது. தேய்மானம் கருவிக்குப் பகையன்று, கவனமின்மையே பகை.

இவ்வளவு கவனம் எதற்கு, ஒன்று போனால் மற்றொன்று செய்துகொள்ளலாமே என்று கேட்பாரும் உண்டு. அவருக்கு விடை காட்டில் இருக்கிறது. கிதாரின் முதுகிற்கும் விலாவிற்கும் நெடுங்காலம் பிரேசில் நாட்டுத் தோதகத்தியையே உயர்வாகக் கருதினர். மரத்தை அடிமரமாக அனுப்பாமல் தன் நாட்டிலேயே அறுத்து அனுப்ப வேண்டும் என்று பிரேசில் வற்புறுத்தியதை ஒட்டி, 1969-இல் மார்ட்டின் தொழிற்சாலை இந்தியத் தோதகத்திக்கு மாறிற்று. ஈட்டி மரம் என்று நாம் வழங்குகிறோமே, அதுவே இது. நீலகிரி முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளர்வது. காப்பித் தோட்டங்களில் நிழல் மரமாகவும் நிற்பது. ஆகவே, கடந்த அரை நூற்றாண்டில் அமெரிக்காவில் செய்த கிதார் ஒன்றை நீங்கள் கையில் எடுத்தால், அதன் முதுகுப்புறம் நம் மலைகளில் மழை குடித்து வளர்ந்த மரமாக இருக்கக் கூடும்.

பிரேசில் தோதகத்தியோ அருகிப் போயிற்று. 1992-இல் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2017-இல் தோதகத்தி இனம் முழுவதையும் அவ்வுடன்படிக்கை தன் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது. 2019-இல், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் பிரேசில் மரத்திற்கு அவ்விலக்கு இல்லை. அம்மரத்தாலாகிய பழைய கிதாரை விற்பதற்காக நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல, உரிய ஆவணங்கள் இன்றி இயலாது. மகோகனி மரத்தின் வாணிபமும் 2003 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனவே, ஒருகாலத்தில் வெட்டப்பட்ட மரம் கிதாராக நிற்கும்வரை அதனைக் காப்பது, இன்னொரு மரத்தைக் காட்டில் நிற்கவிடுவதற்கு ஒப்பாகும். பழையதை வாங்குவது சிக்கனம் மட்டுமன்று. ஒருவகை அறமும் ஆகும்.

காக்கும் முறை பெரிதன்று. முழுமரம் ஈரத்தை ஏற்றுப் புடைக்கும். ஈரத்தை இழந்து சுருங்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது அதற்கு ஏற்றது. நம் கடற்கரை ஊர்களில் அது பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். அப்போது பலகை ஊதித் தந்திகள் உயரும், ஒலி மந்தமாகும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா மணிகளைத் துணிப்பையில் இட்டு வைக்கலாம். குளிர்சாதன அறையிலோ இதற்கு நேர்மாறாகக் காற்று வறண்டு மரம் வெடிக்கக் கூடும். மழைக்காலத்தில் வெளிச்சுவரின்மேல் மாட்டி வைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் விட்டுச்செல்வது மிகக் கொடிது. வஜ்ஜிரம் இளகிக் குதிரை பெயர்ந்துவிடும். வாசித்து முடித்தபின் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்தால் வியர்வையின் துரு ஏறாது. பிரடைகளுக்கு ஆண்டுக்கொருமுறை ஒரு துளி எண்ணெய் போதும். எல்லாவற்றிலும் சிறந்த காவல், நாள்தோறும் அதனை எடுத்து வாசிப்பதே. வாசிப்பவன் கண்ணுக்குச் சிறு வெடிப்பும் முதல் நாளே படும். பூட்டி வைத்தவனுக்கு அது பிளவான பின்னரே தெரியும்.

நம் முன்னோர் யாழைப் போற்றியதை அறிவோம். பொருநராற்றுப்படை, யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை காட்டி விளக்குகிறது. ஆயினும் அக்காலத்து யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. பாட்டு வந்தது, கருவி வரவில்லை. மரமும் தோலும் நரம்பும் காலத்தின் முன் அவ்வளவு எளியவை. அவை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்ல வேண்டுமானால், இடையில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். பின் தவறாமல் கொடுத்துச்செல்ல வேண்டும்.

ஆகவே, நேயர்களே, பழைய முழுமரக் கிதார் ஒன்று உங்கள் கைக்கு வருமானால், நான் அதற்கு உரியவன் என்பதைவிட, இப்போது என் முறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன் அதனைக் காத்தவர் எவரோ. உங்களுக்குப் பின் வாசிக்கப்போகிறவர் இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் மெட்டுகள் தேயட்டும், மெருகு மங்கட்டும், தேய்ந்தவற்றை மாற்ற வழியுண்டு. சுருதி மட்டும் கலையாதிருக்கட்டும்.